ரொறொன்ரோவுக்குப் போன செவ்வாய்

மருதனார்மடத்து ஆஞ்சநேயர் அறியச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி சூடாக வேண்டும். அவ்வளவுதான்.

என் மகள் உதயகலா அதை இஞ்சி தட்டிப் போட்டுத் தருவாள். அவள் கலியாணம் முடித்துப் போனால் யார் தருவது? புது இடத்தில் அவளும் கஷ்டப்படுவாள். இரண்டு பேரின் நன்மையையும் யோசித்துத்தான் செய்தேன்.

எங்கள் உரும்பிராயில் சாதகம் பொருந்தாமல் தாலி ஏறாது. பொருத்தம் பார்ப்பவர் சாத்திரியார் பஞ்சலிங்கம். அவருடைய கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். சாதகச் செயலிக்குத் திரையில் ஒரு சின்னம் இருக்கிறது. சின்னத்துக்குப் பின்னால் ஒரு கோப்பு. எதை ஓட்டவேண்டும் என்று அதில் ஒரு கட்டளை வரி. அந்த வரியில், செயலியின் பெயருக்கு முன்னால், நேரவலயத்துக்குரிய சூழல் மாறியை எழுதி, ரொறொன்ரோ என்று கொடுத்தேன். அந்தச் சின்னத்தை அமத்தித் திறந்தால் மட்டும் செயலி தான் கனடாவில் இருப்பதாக நம்பி, பிறந்த நேரத்தையும் அந்த ஊர் நேரமாகவே கணக்கிடும். கணினியின் மணிக்கூடு உரும்பிராயிலேயே நிற்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

லண்டனையும் போட்டுப் பார்த்தேன். லண்டனில் மகளுக்குச் செவ்வாய்க் குற்றமில்லை. ரொறொன்ரோவில் செவ்வாய் எட்டாம் வீட்டில் போய் இருந்தது.

சாத்திரியாரிடம் சாதகம் பார்த்த மற்றப் பிள்ளைகளின் செவ்வாயும் இடம் மாறியிருக்கும். முன்வீட்டுத் தனுஷிகாவின் கலியாணம் மண்டபம் பிடித்த பிறகு நின்றது. ஆளுக்கொரு சின்னம் வைக்கத் திரையில் இடமில்லை.

மாப்பிள்ளை வீட்டாரை நான் குறைவில்லாமல் உபசரித்தேன். அரியாலைக் கடலில் திமிங்கிலத்தின் முதுகில் ஏறிப் போனதை விபரமாகச் சொல்வேன். கடைசியாகப் பெண் பார்க்க வந்த நிருஷன் வீட்டாருக்கு இரண்டு முறை சொன்னேன். தாய்க்காரி பலகாரத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். பிறகு, முன்னர் வந்தவர்களைப் போலவே, சாதகம் சரிவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

உதயகலாவுக்கு நிருஷனைப் பிடித்திருந்தது. கிணற்றடியில் நின்று அழுதாள். அன்று தேத்தண்ணியில் சீனி இல்லை. நான் பெரிதாக எடுக்கவில்லை.

"அப்பா, உதிலை உங்கடை கை ஏதும் இருக்கோ?"

"கிரகம் செய்யிற வேலைக்கு நான் என்ன செய்யிறது, பிள்ளை?"

அவள் நம்பவில்லை. போகும்போதும் வரும்போதும் என் கைகளையே பார்த்தாள். கடைசியில் என்னைச் சாத்திரியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

பஞ்சலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முருகேசண்ணை, உந்தச் சின்னத்தை நான் ஒருநாளும் அமத்தினதில்லை. செயலியின்ரை பேரைத் தட்டித்தான் திறக்கிறனான். நிருஷனுக்கும் பிள்ளைக்கும் பொருத்தம் உத்தமம் எண்டெல்லோ சொல்லி விட்டனான்."

உதயகலா என் பக்கம் திரும்பினாள். "அப்ப, அவையைக் கலைச்சது திமிங்கிலம்தான்."

"இல்லைப் பிள்ளை, செவ்வாய்தான். என்ரை கையாலைதான் செய்தனான்" என்று அடித்துச் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

நான் திமிங்கிலத்தில் ஏறிப் போன இடத்தில் அரியாலைக் கடல் முழங்காலளவு.