சுவாதிக்கு முப்பது கல்

கேளுங்கள். எந்த ஆண்டு என்று கல்வெட்டிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. இந்தச் சீமைக்கு ரயில் வராத காலம் என்று மட்டும் சொல்வார்கள். அக்காலத்தில் நெடுங்கணேந்தல் என்னும் நம் ஊரில் குருந்தன் என்று ஒருவர் இருந்தார். என் பாட்டனாருக்குப் பாட்டனார். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பிரித்து விடும் நீர்க்கட்டி வேலை அவருடையது. கையில் மண்வெட்டி, வாயில் வெற்றிலை, மனத்தில் வஞ்சமில்லை. அவரைப் பற்றிச் சொல்பவர் எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள்.

அந்த ஆண்டு மழை பிந்தியது. மழை பிந்தவே நடவு பிந்தியது. நடவு பிந்தவே, தைப்பூசம் கழிந்தும் பயிர் பால் பிடிக்காமல் நின்றது. கண்மாயிலோ முழங்கால் தண்ணீர். ஊர் கூடி ஒரு முறை வகுத்தது. பகல் தண்ணீர் நடுமடைக்கு. இரவுத் தண்ணீரில் முற்பாதி, கண்மாயை ஒட்டிய தலைமடைக்கு. பிற்பாதி, தூரத்திலிருக்கும் கடைமடைக்கு. பாதி இரவு எது என்பதை யார் சொல்வது? வானம் சொல்லட்டும் என்றார்கள்.

பொட்டலில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அதற்கு மேற்கே, நூறு தப்படி தள்ளி, ஒரு கல் கிடந்தது. அக்கல்லின்மேல் நின்று பார்க்கையில், கிழக்கே எழுகின்ற சுவாதி என்னும் செம்மீன் எப்போது பனையின் கொண்டையில் வந்து அமர்கிறதோ, அப்போது தலைமடையை அடைத்துக் கடைமடையைத் திறக்க வேண்டும். இதுவே கட்டளை. பூசத்துக்கு மறுநாள் இரவு முறை தொடங்கியது. கோயிலில் நாழிகை வட்டில் உண்டு. அடியில் ஊசித் துளையிட்ட செம்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்க விட்டால் ஒரு நாழிகையில் நிரம்பி மூழ்கும். மூழ்குந்தோறும் சேகண்டி அடிப்பார்கள். முதல் இரவு, பொழுது அடைந்ததிலிருந்து பதினாறு சேகண்டி கேட்டபின் சுவாதி பனையில் அமர்ந்தது. குருந்தன் மடையை மாற்றினார். எல்லாருக்கும் நிறைவு.

பன்னிரண்டு இரவுகள் சென்றன. பதின்மூன்றாம் நாள் காலையில், தலைமடைக்காரரான சேவுகன் அம்பலம் மடைக்கு வந்தார். அவர் வயலின் மேட்டுப் பாத்தி வெடித்திருந்தது.

"அடே குருந்தா! நேத்து ராத்திரி பதினாலு சேகண்டிதான் கேட்டுச்சு. அதுக்குள்ளே என் மடையை அடைச்சுட்டே. மொத நாளு பதினாறு. மிச்சம் ரெண்டு நாழிகைத் தண்ணி எங்கேடா போச்சு?"

"ஐயா, நான் மீனைப் பார்த்துத்தான் அடைச்சேன்."

"மீனா அடைச்சுது? உன் மம்பட்டி அடைச்சுது!"

அந்நேரம் கடைமடை மூக்காயி அவ்வழியே வந்தாள். கணவனை இழந்தவள், ஒரு குறுக்கம் அளவு நிலமும் இரண்டு பிள்ளைகளுமே அவள் உடைமை. அவள் ஒன்றும் அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"குருந்தண்ணே, நீ நல்லா இருக்கணும். எங்க மேல இரக்கப்பட்டு நாளுக்கு நாள் கூடத் தண்ணி விடுறியே. எம் பிள்ளைக உன் பேரைச் சொல்லிச் சோறு திங்கும்."

அம்பலத்தின் வசை சுட்டதைவிட மூக்காயியின் கும்பிடுதான் அவரைச் சுட்டது என்பார்கள். ஒருவர் கள்ளன் என்று ஏசினார். மற்றவர் கள்ளன் என்று நம்பியே வாழ்த்தினார். நேர்மையன் என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லை.

ஊர் கூடியது. நீர்க்கட்டி பொய்த்தால் அக்காலத்துத் தண்டனை ஒன்றே. அவனுடைய மண்வெட்டியை மடைக்கல்லில் வைத்து முறிப்பார்கள். பிறகு அவன் வழியில் வரும் எவனும் தண்ணீரைத் தொடக்கூடாது. குருந்தன் தம் மண்வெட்டியைத் தாமே கொண்டுபோய்ப் பனையடியில் சாத்தினார்.

"ஐயா, இன்னும் மூணு ராத்திரி பொறுங்க. நான் கல்லுல ஏறலை. நீங்களே ஏறிப் பாருங்க. மீன் வந்ததும் நீங்களே சொல்லுங்க. உங்க கண்ணு என்னைப் பொய்யன்னு சொன்னா எம் மம்பட்டியை முறிங்க."

அம்பலம் ஒப்புக்கொண்டார். கொல்லர் இருளப்ப ஆசாரி வட்டிலின் உட்புறத்தில், ஒரு நாழிகையை ஆறாகப் பகுத்து, ஆறு வளையக் கோடுகள் கீறிக் கொடுத்தார்.

முதல் இரவு. அம்பலம் கல்லின்மேல் நின்றார். கிழக்கே வலப்பக்கம் சித்திரை வெள்ளையாகவும், இடப்பக்கம் சுவாதி சிவப்பாகவும் ஏறின. ஆசாரி அண்ணாந்து பார்த்தார்.

"அம்பலகாரரே, சித்திரை நல்லாக் காய்ஞ்ச இரும்பு. சுவாதி இப்பத்தான் செவக்குது. இன்னும் நாலு தரம் துருத்தி ஊதணும்."

"வானத்துக்கும் உலை வைக்கிறீரோ ஆசாரி? பேசாம வட்டிலைப் பாரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். விண்மீனின் நிறமே அதன் வெப்பத்தைக் காட்டும் என்றும், வெண்மீன் சூடு மிக்கது, செம்மீன் சூடு தணிந்தது என்றும் பிற்காலத்தில் நான் நூலில் படித்தபோது, ஆசாரியை நினைத்து எழுந்து நின்றேன்.

"வந்துடுச்சு!" என்றார் அம்பலம். பதினான்கு நாழிகைக்கு ஒரு கோடு குறைவு.

இரண்டாம் இரவு. "வந்துடுச்சு!" என்றார். இரண்டு கோடு குறைவு.

மூன்றாம் இரவு. "வந்துடுச்சு..." என்றார். குரல் இறங்கியிருந்தது. மூன்று கோடு குறைவு. அடைத்தவர் குருந்தன் இல்லை. பார்த்தவரும் குருந்தன் இல்லை.

"ஆக, மீன்தான் நாளுக்கு ஒரு கோடு முந்துது," என்றார் ஆசாரி.

குருந்தன் தலையை ஆட்டினார். "மீனு முந்தலை ஆசாரியாரே. மீனுக்கும் மீனுக்கும் உள்ள இடைவெளி என்னிக்கும் மாறலை. சித்திரையும் சுவாதியும் அப்படியே சேர்ந்துதான் வருது. பொழுதுதான் அதுக கூட நடக்க முடியாம நாளுக்குக் கொஞ்சம் பின்தங்குது. பொழுது அடையுறதுல இருந்துதானே நாம எண்ணுறோம்?"

பள்ளிக்கூட வாசலை மிதியாதவர் சொன்ன சொல் அது. பூமி சூரியனைச் சுற்றி வருவதால், சூரியன் விண்மீன்களுக்கிடையே நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை கிழக்கே நகர்வதாகத் தோன்றும்; ஆகவே விண்மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக எழும் என்று நூல்கள் விரிக்கும். நான்கு நிமிடம் என்பது நாழிகையில் ஆறில் ஒரு பங்கு. ஆசாரியின் கோடு ஒன்று.

அம்பலம் கல்லிலிருந்து இறங்கினார். "சரி. நீ கள்ளன் இல்லை. ஆனா எம் பயிருக்கு என்ன வழி? மாசி பாதிக்குள்ளே என் தண்ணி இன்னும் தேயுமே! இந்த மீனும் வேண்டாம், முறையும் வேண்டாம். கை வலுத்தவன் மடையைத் திறந்துக்கட்டும்."

கை வலுத்தவன் என்றதும் கூட்டத்தில் நின்ற மூக்காயி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவளுக்குக் கை வலு ஏது?

குருந்தன் தம் மண்வெட்டியை எடுக்கப் பனையை நோக்கி நடந்தார். பாதி வழியில் தற்செயலாக அண்ணாந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா! இங்கே வாங்க. சுவாதி இன்னும் வரலை!"

"என்னடா உளறுறே? வந்ததை நான்தானே பார்த்தேன்!"

"கல்லுல வந்துடுச்சு. இங்கே வரலை. வந்து பாருங்கையா!"

அம்பலம் போய் நின்றார். பார்த்தார். கல்லிலிருந்து பார்க்கையில் கொண்டையில் அமர்ந்திருந்த மீன், இங்கிருந்து பார்க்கையில் பனையின் கழுத்துக்கும் கீழே கிடந்தது. கிட்டே நெருங்க நெருங்கப் பனை உயர்ந்தது. பனை உயர உயர மீன் ஏற வேண்டிய தூரம் கூடியது.

"பொழுது நாளுக்குக் கொஞ்சம் பின்தங்குனா, நாம நாளுக்குக் கொஞ்சம் பனைகிட்டே நகர்ந்து நிக்கணும். அம்புட்டுத்தான்," என்றார் குருந்தன்.

பதினாறாம் சேகண்டி வரை காத்திருந்தார்கள். அந்நேரத்தில் மீன் எவ்விடத்திலிருந்து பார்த்தால் கொண்டையில் அமர்கிறதோ, அவ்விடத்தில் ஒரு கல் நட்டார்கள். மறுநாள் சற்று முன்னே மற்றொரு கல். முந்தைய இரவுகளுக்கு விட்டுப்போன கற்களை மறு ஆண்டில் நட்டார்கள். மொத்தம் முப்பது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த மூன்றாம் இரவு விடிந்ததும் குருந்தனே அம்பலத்தின் வயலுக்குப் போய் அவர் முன் நின்றார்.

"ஐயா, நான் கள்ளன் இல்லைன்னு ஊரு சொல்லிடுச்சு. ஆனாலும் உங்க தண்ணி கடைமடைக்குப் போனது நெசம். நான் சரியாப் பார்த்துத் தப்பாப் பிரிச்சிருக்கேன். அதைக் கடைமடை முறையிலிருந்து உங்களுக்குத் திருப்பி விடவா?"

பின்னால் நின்ற மூக்காயி வெகுண்டாள். "நல்லவன்னு கும்பிட்டேனே அண்ணே! எம் பயிரு இப்பத்தானே பால் பிடிக்குது!"

அம்பலம் வெடித்த பாத்தியைப் பார்த்தார். மூக்காயியைப் பார்த்தார்.

"பால் பிடிச்ச கதிருல இருந்து தண்ணியைப் பிடுங்குனா எனக்குச் சோறு இறங்குமாடா? போனது போகட்டும். தெரியாம உன்னைக் கள்ளன்னு சொன்னேனே, அதுக்கு நான் ஒன்னு செய்யணும். மம்பட்டியை எங்கே வச்சே?"

பனையடிக்குப் போனார். முறிக்கவிருந்த மண்வெட்டியைத் தம் கையால் எடுத்தார். ஊர் பார்க்க, இரு கைகளாலும் குருந்தனிடம் நீட்டினார். அம்பலம் ஒரு நீர்க்கட்டிக்கு இரு கை நீட்டியது அதுவே முதல் முறை என்று சொல்வார்கள்.

நீங்கள் இப்போது போனாலும் அக்கற்களைக் காணலாம். முதல் இரண்டு கற்களுக்கிடையே பத்துத் தப்படி இருக்கும். கடைசி இரண்டுக்கும் இடையே ஒரே தப்படி. சமமாக நடத் தெரியாத முட்டாள்கள் நட்டவை என்று நில அளவைக்கு வந்தவர் ஒருவர் சிரித்தாராம். சமமாக நட்டிருந்தால்தான் தவறு; பனையை நெருங்க நெருங்க ஒரு தப்படிக்கே அது வெகுவாக உயர்ந்து தெரியும். இடி விழுந்து அந்தப் பனை பட்டபோது, அதே இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டார்கள்.

பூசத்துக்கு மறுநாள் இரவு, கண்மாயில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலைமடை வீட்டு மூத்தவர் முதற்கல்லில் ஏறி நிற்பார். சுவாதி அமர்ந்ததும் "வந்துடுச்சு!" என்று கூவுவார். பிறகு இறங்கிப்போய்க் கம்பத்தடியில் சாத்தியிருக்கும் மண்வெட்டியை எடுத்துக் குருந்தன் வழி வந்தவரிடம் இரு கைகளாலும் நீட்டுவார். சென்ற பூசத்துக்கு நீட்டியவருக்குக் கண்புரை, மீன் தெரிந்திராது. கடைமடைப் பெண்ணொருத்தி அவர் காதருகே சொன்னாள். அவர் கூவினார். நான் வாங்கிக்கொண்டேன்.