கூடத்தில் தைத்த படகு

படகு செய்வது பெரிய வித்தை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஐயா. என் தங்கை அதை எங்கள் கூடத்திலேயே ஐந்து வாரத்தில் செய்து முடித்தாள். அவள் தையல்காரி. வாசலை அளந்துகொண்டு, அதற்குள் அடங்கும்படி ஒட்டுப்பலகையை வெட்டினாள். ஓரங்களில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்தாள். தைத்த இடமெல்லாம் பிசின் பூசினாள்.

"சட்டைக்குக் கை வைக்கிற மாதிரிதான்க்கா. இதுக்குப் போய் ஆம்பளைங்க எவ்வளவு அலட்டிக்கிறாங்க."

நானும் சிரித்தேன். பிசின் கலக்கிக் கொடுத்ததே நான்தான்.

தனியாகப் போய்த் தையல் கடை வைக்க, ஏரிக்கு அக்கரையில் ஓர் இடம் பார்த்திருந்தாள். பின்னால் ஓர் அறை, ஒற்றைக் கட்டில். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்காக, எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றேன். பிறகு அவளுக்கு வந்தவற்றையும் நான்தான் வேண்டாம் என்றேன்.

தையலைச் சோதிக்க, ஜன்னல்களைச் சாத்திப் படகைக் கவிழ்த்தோம். டார்ச்சோடு அவள் உள்ளே புகுந்துகொண்டாள். ஓட்டை இருந்தால் வெளிச்சம் கசியும்.

"அக்கா, எங்கயாவது தெரியுதா?"

கட்டைவிரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

"ஒண்ணும் இல்லடி."

"நல்லாப் பாரு. கண்ணாடிய மாத்துன்னு ஒரு வருஷமா கத்திட்டு இருக்கேன்."

"தெரியலன்னா தெரியல. வெளிய வா, வேர்த்துக் கொட்டும்."

அந்தக் கோட்டின்மேல் நானே நீல வண்ணம் அடித்தேன். பாதம் நனைந்ததும் பயந்து திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்ணம் பாதி ஏரிவரை தாங்கிவிட்டது. படகில் அவளுடைய தையல் இயந்திரமும் இருந்தது, நல்ல கனம்.

நீங்கள் ஓட்டையைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். அவளுக்கு நீந்தத் தெரியாது. அதனால் உட்காரும் பலகைக்கு அடியில் நான்கு காலிக் கேன்களை மூடி இறுக்கிக் கட்டியிருந்தாள். தண்ணீர் புகுந்தாலும் அவை படகை மிதக்க வைக்கும். புறப்படும் நாள் காலையில், அவள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தபோது, நான்கையும் அவிழ்த்தேன். அவள் குனிந்து பார்க்கவில்லை. நான் கூட இருக்கும்போது அவள் எதையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

கேன்கள் குளியலறையில் இருக்கின்றன, நான் தண்ணீர் நிரப்பி வைத்தபடியே. சாயங்காலம் நனைந்து வருவாள், குளிக்கத் தண்ணீர் வேண்டுமே என்றுதான் எடுத்தேன், ஐயா.