முகமூடிக்காரன் தாய்மாமனேதான்

"ஹலோ... ஆமாங்க, வாட்ச் கடை ரசாக்தானுங்க பேசறேன்... யாருங்க... அட, அப்புசாமி அண்ணனுங்களா. சொல்லுங்ணா, சொல்லுங்ணா... ம்... டிக்கெட் எடுத்தாச்சுங்களா... ரெண்டு பேருக்கும்... ஞாயித்துக்கெழமையேவா... இல்லீங்ணா, சந்தோசந்தானுங்க... கொரலுங்களா, அது சளிங்க."

சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். அப்புசாமிக்குக் கிணத்துக்கடவில் தேங்காய் மண்டி. கொப்பரை விலை பேச இந்தூர் போகிறார். அங்கே இந்தி பேசுவதற்கு ரசாக்கைக் கூட்டிப் போகிறார். ரசாக்குக்கு இந்தி தெரியாது. மூன்று தலைமுறையாக அவன் வீட்டில் தமிழ்தான். ஆனால் பாய்க்கு இந்தி தெரியாமலா இருக்கும் என்று கிணத்துக்கடவே சேர்ந்து முடிவு செய்துவிட்டது, அவனை ஒரு வார்த்தை கேட்காமல்.

ஒரு காலத்தில் அவன் கடை கிணத்துக்கடவில், அப்புசாமி வீட்டு முன்னறையில் இருந்தது. ஞாயிறு காலையானால் அவர்கள் வீட்டு டி.வி.யில் ஒரு ஜப்பான் பொம்மைப்படம், இந்தியில். இரும்புப் பருந்தின் மேல் பறக்கும் ஒரு பையன், அவனைத் துரத்தும் ஒரு முகமூடிக்காரன். என்ன பேசுகிறார்கள் என்று அப்புசாமியின் மனைவி நாச்சியம்மாள்தான் முதலில் கேட்டாள். நாற்காலி போட்டு, காபியும் கொடுத்துக் கேட்கிறவர்களிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ரசாக் வாய்க்கு வந்ததைச் சொன்னான். இரண்டு வருஷம் சொன்னான். கோயமுத்தூருக்குக் கடை மாற்றும் வரைக்கும் அந்தத் தெருவே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"...அதுங்களா... பாத்தேனுங்க. அதே படத்தப் புதுசா எடுத்திருக்கறான். போன வாரத்துல இருந்து கேபிள்ல போடறாங்களே... ஆமா, ஆமா, தமிழ்லதான் பேசறாங்க. அங்கதானுங்ணா வெனையே... இல்லீங்க, ஒண்ணும் சொல்லலீங்க, லைன் எரையுது."

முதல் நாள் கடையில் நின்றுகொண்டேதான் பார்த்தான். பருந்தின் இறக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாக விரிந்தபோது கையிலிருந்த வாட்சைக் கீழே வைத்துவிட்டான். எவ்வளவு அழகாகத் திரும்ப வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். அப்புறம் படத்தில் இருந்தவர்கள் வாயைத் திறந்து தமிழில் பேசினார்கள். கிணத்துக்கடவு ஆள் யாராவது நிற்கிறார்களா என்று ரசாக் வாசலை எட்டிப் பார்த்தான்.

"ம்... ஆமாங்ணா, முகமூடிக்காரன் வேற கெரகத்துல இருந்து எரிபொருள் திருட வந்தவன்னுதான் அதுல வருது... ஆமா, நாந்தானுங்க சொன்னேன், அந்தப் பையனோட தாய்மாமன்னு... தங்கச்சி கண்ணாலத்துக்கு முறையா வெத்தல பாக்கு வெச்சு அழைக்கலீன்னு கோவிச்சுட்டுப் போனவன்னு... நெனப்பிருக்குதுங்க, நாச்சியக்கா தேம்பித் தேம்பி அழுதாங்க... வெள்ளமுடி அத்தைங்களா... ஆமாங்ணா. புதுசுல அது ஆம்பளைங்க... எனக்கும் திக்குன்னு ஆயிப்போச்சு. முடி இடுப்பு வரைக்கும் தொங்குனா நாம என்னன்னு நெனைக்கறதுங்க."

சரி, மாட்டிக்கொண்டோம் என்று ரசாக் ஸ்டூலில் உட்கார்ந்தான். காதில் விழுந்த அடுத்த வார்த்தையில் மறுபடியும் எழுந்துவிட்டான்.

"என்னங்ணா... அவனுங்கதான் தப்பாச் சொல்றானுங்களா... ம்... மெட்ராஸ்காரனுக்கு இந்தி வராதுங்களா... அதனால கண்டபடி மாத்திப்போட்டானுங்களா... அட, இருந்தாலும் இருக்குமுங்க... டி.வி.காரனுக்கு லெட்டரா... நானா... வேண்டாமுங்ணா, அவனும் பொழச்சுப் போகட்டும்."

பெருமை யாரை விட்டது? தப்பித்த சுகத்தில் ரசாக்குக்குத் தாராள மனசு வேறு வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்லோணுமுங்ணா, படம் மோசமில்லீங்க. பருந்து தத்ரூபமா இருக்குது... கண்ணுதான் சின்னதாயிப்போச்சு, ஆமா. பழசுல பையன் அழுதா சொம்புத் தண்ணியாட்டம் கொட்டும்... ஆமா, ஆமா, புதுசுல எங்க அழுகறான்... ஆனா பாட்டு நல்லாருக்குதுங்... யாரு... இந்தூர் சேட்டோட ஆளா... மண்டிக்கே வந்துட்டாருங்களா... எங்கிட்டயா... இப்பவேவா... அண்ணா, கடைல ஆளு நிக்குது... அண்ணா... அண்ணா..."

கடையில் ஓர் ஈ கூட இல்லை.

"ஹலோ... அச்சா... ஹாங்ஜி... அச்சா, அச்சா... பஹுத் அச்சா..."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. இதற்கு அச்சா போதாது என்பது ரசாக்குக்கே தெரிந்தது. அவனிடம் மனப்பாடமாக ஒரே ஒரு முழு வாக்கியம் இருந்தது. அந்தக் காலத்தில் படம் பாதியில் நின்றுபோகும்போதெல்லாம் டி.வி.யில் ஓர் அம்மா வந்து, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்பதை இந்தியில் சொல்லிவிட்டுப் போவது. கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்து விட்டான்.

"ருகாவட் கே லியே கேத் ஹை."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் தமிழில் வந்தது.

"...ஹலோ... தமிழ் பேசுவீங்களா... ஆர்.எஸ்.புரத்துலயே பொறந்து வளந்தவருங்களா... அண்ணன் நமஸ்தேன்னு கும்புட்டதும் நீங்களும் அப்படியே இந்தியில ஆரம்பிச்சுட்டீங்களாக்கும்... சரிங்க... இல்லீங்க, ஒரு தடங்கலும் இல்லீங்க. சும்மா வருந்துனேன்... போனை அண்ணங்கிட்டக் குடுங்க."

கொடுக்காமல் இருந்தால் நல்லது என்றுதான் நினைத்தான்.

"அண்ணா... ம்... அவரு சொன்னது நெசந்தானுங்ணா... ஒரு எழுத்துக்கூடத் தெரியாதுங்க... ரெண்டு வருசமும்தானுங்க... அத்தை கதையும் நானே கட்டி உட்டதுதானுங்க... அண்ணா... லைன்ல இருக்கறீங்களா... அண்ணா, அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்... சொல்லிப்போட்டீங்களா... மண்டிலயே பக்கத்துலதான் நிக்கறாங்களா."

ரசாக்குக்கு அழுகை வந்தது. இந்தூர் போனால் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்து பொய்யாகிப் போனதுதான் தாங்கவில்லை. நாற்காலி போட்டுத் தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்த வீடு அது. இனி எந்த முகத்தோடு அந்த வாசப்படி ஏறுவது?

"அக்கா... நல்லாருக்கறீங்களாக்கா... தெரியாமச் செஞ்சுபோட்டேன், மன்னிச்சுக்கோங்க... ம்... என்னங்கக்கா... படத்துல அந்தப் பையன் காதுகுத்துக்கு மாமன் வந்தானான்னா கேக்கறீங்க... அக்கா, அப்படியொரு மாமனே இல்லீங்க, அவன் வேற கெரகத்துக்காரன்... தெரியுமுங்களா... தெரிஞ்சுதான் கேக்கறீங்களா... ம்... ஆமாங்க, புதுசுல யாரும் யாருக்கும் ஒறவில்லீங்க... ஆமா, எதுக்குச் சண்டை போடறோம்னே தெரியாமத்தான் போட்டுக்கறானுங்க... கதைய எங்க விட்டேனுங்களா... கடையக் காலி பண்ணுனப்ப, பையன் காதுகுத்துக்கு வரச்சொல்லித் தங்கச்சி சமாதானம் பேச ஆளனுப்பறாளே, அதோட நின்னுதுங்க... அய்யோ, இத்தன வருசமா அதவா நெனச்சுட்டிருக்கறீங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போன் மறுபடியும் கை மாறியது.

"சொல்லுங்ணா... ஞாயித்துக்கெழம நா எதுக்குங்க, சேட்டோட ஆளுதான் தமிழ்ல வெளுத்துக் கட்டறாரே... ரயில்ல போக ரெண்டு நாளா... வர ரெண்டு நாளா... மிச்சக் கதையவா... அக்காவும் வாராங்களா... அவங்களுக்கும் ஒரு டிக்கெட்டா... வாரேனுங்ணா. வாரேன், வாரேன்... இப்பவேவா... ஒண்ணே ஒண்ணா... சரி, அக்காவையும் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க... வந்தானுங்க. மொட்டை போடறப்பவே வந்துட்டான். கோயிலுக்கு வெளிய பையனோட பருந்துக்குப் பக்கத்துல அவனோடதையும் நிறுத்திப்போட்டு, தட்டத்துல சீரு எடுத்துட்டு, முகமூடியக் கழட்டலாமா வேண்டாமான்னு ஒரே யோசனையா நிக்கறான். தங்கச்சி திரும்பிப் பாக்கறா. பாத்ததும் அவ... ஹலோ... அண்ணா... ஹலோ..."

லைன் கட்டாகிவிட்டது.

கடை மூலையில் இருந்த டி.வி.யில் புதுப் படம் ஆரம்பித்திருந்தது. முகமூடிக்காரன் எரிபொருளைப் பற்றிச் சுத்தத் தமிழில் கத்திக்கொண்டிருந்தான். ரசாக் போய்ச் சத்தத்தை ஒட்டக் குறைத்தான். ஸ்டூலை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகமூடிக்காரன் தங்கச்சியிடம் என்ன சொல்கிறான் என்று பார்க்கத் தொடங்கினான்.