அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள்

கில்பர்ட், நீங்கள் அனுப்பிய அறிக்கையின் நாலாம் பக்கத்தில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. 'தொடர்பு எண்களின் பட்டியல் பழசாகிப் போயிருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, காபி குடித்த கையோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் சரிபார்க்கிறவன் நான். ஆறு வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை தவறியதில்லை.

நம் சங்கத்தின் வழக்கம் எனக்குத் தெரியும். எங்காவது இணையம் அறுந்து போனால், சரியான பிறகு எல்லோரும் கூடி, என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று எழுதி வைப்போம். யாரால் என்று மட்டும் எழுத மாட்டோம். பெயரைப் போட்டால் அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை பழி ஒரு பாவப்பட்ட பட்டியல் மேல் விழுந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எல்லோருக்கும் அனுப்புங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: நான் ஸ்ரீகண்டன், வயது எழுபத்திரண்டு, டெலிபோன் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இணையம் நடத்துகிற இருநூற்றாறு கம்பெனிகளில் அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் பட்டியல். ஒருவர் கைதவறி அடுத்தவரின் இணைய முகவரிகளைத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டால், அத்தனை போக்குவரத்தும் அவர் வாசலில் போய் நின்றுவிடும். மெயில் போட்டுப் பயனில்லை. மெயிலும் அங்கேதான் போய் நிற்கும். செல்போனில் அந்த ஆளைப் பிடித்து, 'அந்த ஒரு வரியை எடுங்கண்ணா' என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிட வேலை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்திபெலே உத்தமன் தன் எண்ணை மாற்றினார். புது எண்ணைத் தர இரண்டு வாரம் இழுத்தடித்தார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று என் எண்ணைப் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் போன் அடித்தது. அந்த மாதம் அதற்கு முன் என்னைக் கூப்பிட்டவர்கள் ஒரு கொரியர்காரரும், கடன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணும்தான். நான் ஊரை விசாரிக்க ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணும் வைத்துவிட்டாள். இப்போது பேசியவர் சஞ்சய் என்ற என்ஜினியர். உத்தமனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். "நீங்க இல்லேன்னா இன்னிக்கு எங்க கதை கந்தல் சார்" என்றார். அன்றைக்கு இரண்டு வேளையும் சமைத்துச் சாப்பிட்டேன்.

உத்தமனின் புது எண் வந்ததும் டைரியில் எழுதிக்கொண்டேன், பட்டியலில் ஏற்றவில்லை. பிறகு மற்றவர்களுடையதையும் மாதம் மூன்று நாலாக என் எண்ணுக்கு மாற்றினேன். நாலு சிம் வாங்கிக்கொண்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தன் எண் சரியாக இருக்கிறதா என்று தானே பட்டியலில் தேடிப் பார்க்கிறவர் உலகத்தில் கிடையாது. போன மாதக் கணக்குப்படி இருநூற்றாறு பேரில் நூற்றுப்பதினெட்டுப் பேர் நான். அழைப்பு வந்தால் டைரியைப் பார்த்து உரிய ஆளுக்குச் சொல்லிவிடுவேன். ஆரம்பத்தில் உடனே சொன்னேன். பிறகு கொஞ்சம் பேசிவிட்டுச் சொன்னேன்.

சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது.

"உத்தமன் சாரா? ஜீவனஹள்ளியிலேர்ந்து டோரீன் சார். எங்க அட்ரஸெல்லாம் உங்க பக்கம் வந்து விழுது சார். ஸ்வல்ப பார்த்து எடுத்துடுங்க."

"உத்தமன் சீட்டுல இல்லம்மா. நான் அவருக்கும் பெரியவன். பதறாம சொல்லு."

"சார், எங்க லைன்ல ஒரு ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம் இருக்கு சார். ஒரு கால்கூட உள்ள வர மாட்டேங்குது."

அது இரண்டாவது நிமிடம். உத்தமனின் அத்திபெலேயை நினைத்ததும் எனக்கு எருமை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ஒரு எருமை எங்கள் கேபிள் புதைத்த இடத்தில்தான் படுக்கும். அது இடது பக்கம் சாய்ந்தால் ஓசூருக்குப் பேசுகிறவர்களுக்குக் கன்னடம் கேட்கும், வலது பக்கம் சாய்ந்தால் தமிழ். கடைசியில் இலாகாவே அதற்கு ஊழியர் எண் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டது.

"ரிட்டையர் ஆன அன்னிக்கு மாலை போட்டோம்மா. மாலையைத் தின்னுட்டு மறுநாள் டூட்டிக்கு வந்துடுச்சு."

"சார், உத்தமன் சார் மொபைல் நம்பர் மட்டும் குடுத்துடுங்க சார். ப்ளீஸ் சார்."

"தேடிக்கிட்டுத்தானே இருக்கேன். உனக்கு எந்த ஊரும்மா?"

தங்கவயல் என்றாள். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எந்த லைன் என்று கேட்டேன். சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்தப் பக்கம் குளிர் அதிகம். எருமை முடிந்ததும், அதன் கன்றுக்கு வாரிசு அடிப்படையில் வேலை கிடைத்த கதையைச் சொன்னேன். அதுவும் முடிந்த பிறகு உத்தமன் எண்ணைக் கொடுத்தேன்.

பாதிப்பு ஐம்பத்திரண்டு நிமிடம் என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. அதில் உத்தமன் எடுத்துக்கொண்டது ஒன்று. மிச்சம் என்னுடையது.

'ஒரு வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டார்' என்ற வரியும் போதாது. அந்த நேரத்தில் பொம்மசந்திராவில் லேத் பட்டறையில் பச்சைமுத்து என்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வயது நாற்பத்துமூன்று. கூட இருந்தவர்கள் ஆம்புலன்ஸுக்குப் பதினொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, லக்கேஜ் ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். வழியிலேயே போய்விட்டார். முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்பார்கள் டாக்டர்கள். ஐம்பத்திரண்டு அதற்குள் அடங்கும் என்பதைக் கவனிக்கவும்.

அவர் மனைவி சின்னத்தாயியைப் போய்ப் பார்த்தேன். "போட்டுக்கிட்டே இருந்தாங்களாம்யா. ரிங்கே போகலியாம். நீங்க போன் ஆபீஸுன்றீங்க, ஏன் போகலன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். லைன் பிஸியாக இருந்தது என்றேன். டீ கொடுத்தார். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகவே நாலாம் பக்கத்தை இப்படித் திருத்தவும்: பட்டியல் பழசாக இல்லை. எண்களை ஸ்ரீகண்டன் தெரிந்தே மாற்றினார். சரியான எண் முதல் நிமிடத்திலிருந்து அவர் மடியில் விரித்த டைரியில், கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. ஆம்புலன்ஸ் என்று தெரிந்த பிறகும் நாற்பத்தொன்பது நிமிடம் அவர் கொடுக்கவில்லை.

டோரீனை நான் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். போனை வைக்கிற பொத்தான் அவள் கையிலும் இருந்தது. என் பேச்சு பிடிக்காதவள் ஐம்பத்தொரு நிமிடம் லைனில் இருந்திருப்பாளா?