கழுத்து ரப்பரை வெட்டியது பற்றி

பெயர்: விஸ்வேஸ்வரன். தகப்பனார் பெயர்: வெங்கிடராமன். வயது: 46. தொழில்: தையல். முகவரி: மட்டாஞ்சேரி, கொச்சங்காடி, அரிசிக் கிடங்குக்கு எதிர் வரிசை வீடு. 14.07.2003 காலை நீதித்துறை நடுவர் முன் தமிழில் சொன்னது.

இறந்துபோன சேவியரை எனக்கு 1994 முதல் தெரியும். அவர் மாநகராட்சியில் குழாய்ப் பணியாளர். கப்பல் வேலையிலிருந்து திரும்பிய, நாங்கள் இக்கா என்று கூப்பிடும் முகமது இஸ்மாயிலிடம் இரண்டு கயாக் படகுகள் இருந்தன. ஞாயிறுதோறும் விடிந்ததும் நாங்கள் மூவரும் காயலில் மாறி மாறித் துடுப்புப் போட்டுவிட்டு, அதன் பின்பு படகுத்துறையில் சாயா குடித்துத் திரும்புவோம். ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை கவிழ்ந்திருக்கிறோம். காயல் நீர் வெதுவெதுப்பானது. கவிழ்ந்தவரைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகே கை கொடுப்போம்.

இந்த வருடம் ஏப்ரலில், இமாசலத்தில் பனி உருகி வரும் ஓர் ஆற்றில் துடுப்புப் போட இஸ்மாயிலும் சேவியரும் முடிவு செய்தார்கள். அதற்காக நீர் புகாத முழு உடுப்பு ஒன்றை இஸ்மாயில் சேவியருக்குக் கொடுத்தார். அதன் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள ரப்பர் பட்டை தோலோடு ஒட்டி நின்றால்தான் உள்ளே தண்ணீர் ஏறாது. "இறுக்கம் இருக்கட்டும், அந்த ரப்பர்ல ஆரும் கை வைக்கப்பிடாது" என்று இஸ்மாயில் என் முன்னால் சொன்னார்.

அதன் பின்பு மே 4 அன்று சேவியர் அந்த உடுப்போடே என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, சட்டிக்குள்ள கப்பைக்கிழங்கு வேகற மாதிரி வேகறேன். கழுத்தைப் பிடிச்சு ஞெக்குது. கொஞ்சம் லூசாக்கித் தா. இக்காட்ட சொல்லாதே."

நான் மறுத்தேன். "ஒரு ரப்பரை வெட்டப் பயம், பேரு வலிய தையல்காரன்!" என்று கேலி செய்தார். சட்டைக் காலருக்கு விடுவதுபோல இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெட்டினேன்.

அதன் பின்பு நாங்கள் இருவர் மட்டும் காயலில் இறங்கிப் பார்த்தோம். கழுத்து வழியே நீர் இறங்கியது. "குளிக்கிற வெள்ளம்தானே அண்ணே" என்றார் சேவியர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐஸை நான் மீன் பெட்டியில் பார்த்ததோடு சரி. வெட்டு வெளியே தெரியாமலிருக்க, கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கம்பளித் துண்டு ஒன்றும் தைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 9 அன்று அந்த ஆற்றில் படகு கவிழ்ந்து, உடுப்புக்குள் நீர் நிறைந்து, குளிரில் சேவியர் இறந்ததாக அறிந்தேன். கிழிந்த உடுப்பைக் கொடுத்து ஆற்றில் இறக்கியதாகச் சேவியரின் மனைவி சுனிதா புகார் கொடுத்ததன் பேரில் இஸ்மாயில் கைதானார்.

இங்கே எனக்குக் காட்டிய உடுப்பில் இருப்பது கிழிசல் அல்ல. என் கத்தரி வெட்டியது. இஸ்மாயிலுக்கு அது தெரியாது.

நேற்று சுனிதாவின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். "இக்காவ விடச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு இனி வரவேண்டாம் அண்ணா" என்றார்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே வந்து சொன்னது இது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) விஸ்வேஸ்வரன்