போடாத தாழ்ப்பாள்

உளியக் கீழ வை தம்பி. கதவுல எந்தப் பலகை உடைஞ்சிருக்குன்னு தடவிப் பாக்காத, ஒண்ணும் உடையல. கீல்கூட அசையல. நீ போட்ட தாழ்ப்பாளப் பாரு, புதுசாவே இருக்கு. உக்காரு.

என்னைத் தெரியும்ல? மில் வாசல்ல கத்திக் கத்தியே தொண்டை போனவன். துண்டறிக்கை படிச்சுத்தான் உலகத்தத் தெரிஞ்சுக்கிட்டேன், சாமியெல்லாம் நம்புனதில்ல. தங்கச்சி அப்படியில்ல. புருஷன் போனதுக்கப்புறம் ஏசுதான் எல்லாம்னு இருந்தா. ஞாயித்துக்கிழமையானா இந்தக் கூடத்துல பாய விரிச்சு ஜெபம். தையக்காரம்மா, பஸ் டிரைவர், அவன் பொண்டாட்டின்னு நாலு பேரு. பாட்டு சுதியே சேராது. உங்க ஆளு காதப் பொத்திக்கிட்டு இருப்பாரும்மான்னு கிண்டல் பண்ணுவேன்.

அப்புறம் மிரட்டல் வந்துச்சு. ஜெபத்த நிறுத்து, இல்ல நிறுத்த வைப்போம்னு. நான்தான உன்னைக் கூப்பிட்டு இந்தத் தாழ்ப்பாளப் போடச் சொன்னேன்? நீ துளை போட்டுக்கிட்டு இருக்க, டீய வெச்சுட்டு அவ சொன்னது ஞாபகம் இருக்கா? ஜெப நேரத்துல இதப் போட மாட்டேன் தம்பி, எவனாவது மனசு மாறி வந்து, சாத்துன கதவப் பாத்துட்டுத் திரும்பிடக் கூடாதுன்னா. நீ சிரிச்ச. நானும்தான் சிரிச்சேன்.

வந்தவனுங்க ஒருத்தனும் கதவ உதைக்கல தம்பி. சொந்த வீடு மாதிரி விரலால தள்ளிட்டு வந்தானுங்க. பாட்டுப் புஸ்தகத்தக் கிழிச்சானுங்க. அவ தலையச் சுவத்துல மோதுனானுங்க. நான் யூனியன் ஆபீசுல பேசிக்கிட்டு இருந்தேன்.

எங்க எந்திரிக்கிற? உக்காருன்னேன்ல.

இன்ஸ்பெக்டர் வந்தாரு. அமைதியக் கெடுத்தான்னு டிரைவரப் பிடிச்சு உள்ள வெச்சாரு. அடி வாங்குனவன் உள்ள, அடிச்சவன் வெளிய. எனக்கென்ன புதுசா? ஆனா இவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு, அடிச்சவன் மொகத்தப் பாத்தேன், ஆனா யாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டா. வழக்க மேல ஒப்படைச்சாச்சாம். அடியே, நம்ம கோர்ட்டு வாய்தாவாவது குடுக்கும், உங்க ஆளு தேதியே சொல்ல மாட்டேங்கிறாரேன்னேன். அவருக்குத் தெரியும்ணே, நீ கத்தாதன்னா.

எனக்கு அந்த நம்பிக்கை இல்ல. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. கடைசியில நியாயம்தான் ஜெயிக்கும்னு மேடை மேடையா நானே சொன்னவன். இப்ப எவனாவது சொன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்.

என்கிட்ட மட்டும் சொன்னா, யாருன்னு. அவன் மேல கை வைக்கக் கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டுத்தான் சொன்னா. ஸ்டேஷன்ல போய் நான் சொன்னாலும் எவன் எழுதுவான்? மத்தவங்களுக்கு அவன் யாருன்னே தெரியாது. கண்ணால பாத்துச் சொல்ல இருந்த ஒரே சாட்சி அந்த ரூம்ல வெள்ளத் துணி போத்திப் படுத்திருக்கு. காலையிலதான்.

ஏன் வேர்க்குது உனக்கு? வேலைக்குத்தான் கூப்பிட்டேன். சவப்பெட்டிய நீதான் செய்யணும்னா. ஏண்டி அவன்னு கேட்டேன். வேற எப்படிண்ணே அவன் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவான்னா. அந்த மனசு எனக்கு வராது தம்பி, எதிர்பாக்காத.

டேப்ப எடு. என் தோள் உயரம்தான் இருப்பா.

போ, போய் அளவெடு. தாழ்ப்பாள் போடல.