விற்காத ஜாக்கி

ஜாக்கி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அது தூக்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். தூக்கியது அப்படியே நிற்கிறதா என்று பார்க்கிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. நீங்களும் நாலு தடவை பம்ப் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டுமே நல்ல ஜாக்கி என்கிறீர்கள். பலமனேரில் புதிதாக ஷெட் போடப்போகிறவர், கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள். ஸ்பேனர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் பெட்டியையும், தூணோரம் இருக்கிற ஜாக்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கிலிருந்து நீங்கள் உருவிய அந்த இன்னொன்றை மட்டும் நான் தருவதாக இல்லை. ஏன் என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

இந்தச் சாமான்களைப் பொறுக்கி எடுத்தது என் தங்கை பிரேமலதாவின் புருஷன் ஹேமநாத். புத்தூர் ரோட்டில் இந்த ஷெட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தினோம். என் படிப்பெல்லாம் அம்பாசடர் வண்டியில். அதில் எல்லாமே இஞ்சுக் கணக்கு. தொண்ணூறுக்கு அப்புறம் திருப்பதிக்குப் போகிற வண்டிகள் மாருதி, சுமோ என்று மாறின. நட்டுகளும் எம்எம் கணக்குக்கு மாறின. என் அரை இஞ்சு ஸ்பேனர் பதின்மூன்று நம்பர் நட்டில் ஏறாது. அடுத்த சைஸைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிப்போகும். இரண்டு மூன்று டிரைவர்கள் என் எதிரிலேயே சிரித்தார்கள். ஹேமநாத் அந்த வண்டிகளைக் காதாலேயே படித்தான். ஷெட் ஓடியது அவனால்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, அவன் இங்கேயே இருக்கும்வரை.

தொண்ணூற்றாறில் அவனுக்குக் குவைத் விசா வந்தது. பெரிய கராஜில் வேலை. ஊரே வந்து கை குலுக்கியது. நான் ஷெட்டைத்தான் நினைத்தேன். அவன் போனால் ஷெட்டை மூட வேண்டும், மூடினால் இந்த வயதில் நான் எங்கே போய் யாரிடம் ஸ்பேனர் பிடிப்பது? பயந்துபோனேன். வயிறும் எரிந்தது. இரண்டையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அவன் நல்லவன். போவதற்கு முன் எனக்காக ஒரு முழு செட் வாங்கித் தர வேண்டும் என்று திருப்பதிக்குக் கூட்டிப்போனான். ஒவ்வொரு ஸ்பேனரையும் கல் தரையில் போட்டு ஓசை கேட்டான். சட்டைப்பையில் கொண்டுவந்த நட்டில் மாட்டி, ஆடுகிறதா என்று இப்படியும் அப்படியும் அசைத்தான். மினுமினுப்பாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினான். எந்த நம்பர் எந்த வண்டிக்கு என்று பிடிகளில் பெயிண்டால் புள்ளி வைத்தது, அதோ, இன்னும் இருக்கிறது. ஜாக்கி என்று வந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"ஜாக்கிய நீங்க பாருங்க மச்சான். அதுல இஞ்சும் இல்ல, எம்எம்மும் இல்ல. அதுல உங்கள மிஞ்ச யாரு?"

இரண்டாக வாங்கினேன். பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள். மெடிக்கலுக்காக அவன் சென்னைக்குப் போயிருந்த நாளில் இரண்டையும் சோதித்தேன். வண்டியைத் தூக்கி, பம்பர் நிற்கும் உயரத்துக்குத் தூணில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒன்று ஒரு மணி நேரமும் அசையவில்லை. இன்னொன்று நாற்பது நிமிடம் ஒழுங்காக நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஆனபோது இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. உள்ளே எண்ணெயை அடைக்கிற சீல் போயிருக்கிறது. திருப்பிக் கொடுக்கத்தான் சாக்கில் சுற்றினேன். திருப்பதி பஸ்ஸும் வந்தது. நான் ஏறவில்லை.

மறுநாள் அதை மட்டும் மறுபடி சோதித்தேன். ஒரு தடவை பார்த்ததை நம்பிவிடக் கூடாது. அதே நாற்பது நிமிடம். சுமோவின் பின் ஆக்சில் வேலைக்கு ஹேமநாத் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுப்பான். அதையும் முன்பே கவனித்து வைத்திருந்தேன்.

எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆக்சில் இறங்கினால் கை மாட்டும். மணிக்கட்டு உடைந்தால் இரண்டு மாதம் மாவுக்கட்டு. எலும்பு சேர்ந்துவிடும், அதற்குள் விசா காலாவதியாகிவிடும். அவன் என்னோடு இருப்பான், தங்கையும் கண்முன்னே இருப்பாள். எல்லாருக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுப்பதில்லை, உங்களுக்கே தெரியும். பக்கத்தில் புளியங்கட்டை ஒன்றை நிறுத்துவோம். ஜாக்கி ஏற்றுவதும் கட்டை வைப்பதும் என் வேலை. அவன் குனிந்துகூடப் பார்க்க மாட்டான். படுத்து உள்ளே நகரும்போது ஒரு வார்த்தை கேட்பான். பதினோரு வருஷமாகக் கேட்டான். குவைத்துக்குப் போக ஒன்பது நாள் இருந்த அன்றைக்கும் கேட்டான்.

"கட்டை வெச்சாச்சா மச்சான்?"

"வெச்சாச்சு" என்றேன்.

கட்டை தூணில் சாய்ந்திருந்தது. நான் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டு விரற்கடை இறங்கும் என்று அளந்திருந்தேனே தவிர, இறங்கும்போது ஜாக்கி சாயும் என்பதை அளக்கவில்லை. வண்டி அவன் இடுப்பின் மேல் உட்கார்ந்தது. தூக்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அவன் முகம் தூணைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால் அந்த அறையில் கட்டில் போட்டேன். பத்து வருஷமாக அவனைக் குளிப்பாட்டுகிறவன் நான்தான். வண்டியை ஜன்னலோரம் நிறுத்தி ஆக்சிலரேட்டர் கொடுப்பேன். கண்ணை மூடிக் கேட்டு, எந்த பேரிங் போயிருக்கிறது என்று அங்கிருந்தே சொல்வான். சில வருஷம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. பிறகு கம்ப்யூட்டரை மாட்டிப் பழுது பார்க்கிற வண்டிகள் வந்தன. அவனுடைய காதும் என் இஞ்சு ஸ்பேனர்போல ஆகிவிட்டது. இப்போது சாமான்களை விற்கிறோம். போன மாதம் பிரேமலதா குவைத்துக்குப் போய்விட்டாள், வீட்டு வேலைக்கு. பஸ் ஏறும்போது, "நீ இல்லன்னா நாங்க இன்னா ஆயிருப்போம்ண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இந்தப் பத்து வருஷத்தில் ஹேமநாத் ஒரே ஒரு தடவைதான் அந்த நாளைப் பற்றிக் கேட்டான். நான் அவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு கட்டை வெச்சிருந்தீங்களா மச்சான்?"

வைத்திருந்தேன், நழுவிவிட்டது என்றேன். "சரி மச்சான். தண்ணி ஆறிப்போச்சு, சீக்கிரம் தொடச்சிவுடுங்க" என்றான். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. நாம் பேசுவதும் அவன் காதில் விழும். விழட்டும். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆகவே அந்த ஜாக்கியைக் கீழே வையுங்கள். நாளைக்கு அதன் கீழே நீங்கள் படுப்பீர்கள். பழுது என்று தெரிந்தும் ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது.